ஈரக் கன்றும் ஈரப் பனியனும்

மழையில் நனைந்த பனியனோடு சைக்கிளில் வீடு திரும்பியிருக்கிறீர்களா? உடல் வெடவெடவென்று நடுங்கியிருக்குமே! காங்கயம் பக்கத்துத் தொழுவம் ஒன்றில், ஐப்பசி மழை இரவில் பிறக்கும் கன்றின் நிலையும் அதுதான். பனிக்குட நீரில் தோய்ந்த உடலோடுதான் அது உலகிற்கு வருகிறது.

பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாட்கள். அத்தனை நாளும் சுமார் 39 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் இருந்த கன்று, திடீரென்று 20 டிகிரிக் குளிர்காற்றுக்கு வந்துவிடுகிறது.

காங்கயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும்; ஆறு மாத அளவில்தான் சாம்பல் நிறம் பெறும். அந்தச் செம்மயிரே அதன் கம்பளி. மயிர்களுக்கிடையே அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. பனியன் துணியின் பின்னல்களுக்குள்ளும் இப்படித்தான் காற்று அடைபட்டிருக்கிறது. காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்தால் என்னவாகும்? நீர், காற்றைவிட 20 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். கம்பளி இருந்தும் பயனில்லை.

இதோடு ஆவியாதலும் சேர்ந்துகொள்கிறது. உடல் வெப்பநிலையில் 1 கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் தேவை. இதுவே நீங்கள் படித்த உள்ளுறை வெப்பம். கன்றின் மேல் 100 கிராம் நீர் இருப்பதாகக் கொள்வோம். அது முழுதும் ஆவியாக 58,000 கலோரி வேண்டும். கன்றின் எடை 20 கிலோகிராம், உடலின் தன்வெப்பம் 0.83 என்று கொண்டால்,

58,000 ÷ (20,000 × 0.83) = 3.5

அதாவது, அவ்வளவு வெப்பமும் கன்றின் உடலிலிருந்தே போய், உடல் புதிதாக வெப்பம் உண்டாக்காமலும் இருந்தால், வெப்பநிலை 3.5 டிகிரி குறைந்துவிடும். அரை டம்ளர் தண்ணீர் செய்யும் வேலை இது!

ஆகவேதான் தாய்ப்பசு ஈன்றவுடன் கன்றை நக்கத் தொடங்குகிறது. ஈரம் குறைகிறது, இரத்த ஓட்டமும் மூச்சும் சீராகின்றன. கன்றும் நடுங்கி, தன் உடற்கொழுப்பை எரித்து வெப்பம் உண்டாக்குகிறது. அந்த எரிபொருள் சீக்கிரம் தீர்ந்துவிடும். அடுத்த எரிபொருள் எது? சீம்பால்தான்.

நஞ்சுக்கொடி விழுந்த பிறகே கன்றை ஊட்டவிட வேண்டும் என்று சில வீடுகளில் காத்திருப்பார்கள். இது தவறு. நோய் எதிர்ப்புப் பொருள்கள் பசுவின் கருப்பை வழியாகக் கன்றுக்குச் செல்வதில்லை. சீம்பால் வழியாகவே கிடைக்கின்றன. கன்றின் குடல் அவற்றை அப்படியே உறிஞ்சும் திறனோ மணிக்கு மணி குறைந்து, ஏறத்தாழ ஒரு நாளில் நின்றுவிடுகிறது. எனவே ஈன்ற ஓரிரு மணி நேரத்திற்குள் முதல் சீம்பால் கன்றின் வயிற்றுக்குள் போயாக வேண்டும். 20 கிலோகிராம் கன்றுக்கு முதல் நாளில் சுமார் 2 லிட்டர் தேவை. மீந்ததை நாம் காய்ச்சி உண்ணலாம்!

உங்கள் வீட்டுப் பசு மழை நாளில் ஈன்றால், கன்றைக் காற்றடிக்காத இடத்தில், உலர்ந்த வைக்கோலில் கிடத்துங்கள். தாய் நக்கட்டும். நீங்களும் சுத்தமான பனியன் வேஸ்ட் கொண்டு துடைத்துவிடுங்கள். திருப்பூர்ப் பக்கம் அதற்கா பஞ்சம்?