இணையவழியில் ஸ்பானிய மொழி

பிறமொழி ஒன்றைப் பேசக் கற்பவர் புதியதொரு நாட்டின் வாயிலைத் தாமே திறந்துகொள்கிறார். ஸ்பானிய மொழியைக் கற்பவர்க்கோ ஏறத்தாழ 20 நாடுகளின் வாயில்கள் ஒருங்கே திறக்கின்றன. ஐரோப்பாவில் ஸ்பெயின் நாட்டிலும், அமெரிக்கக் கண்டங்களில் மெக்சிகோ, கியூபா, பெரு, சிலி, அர்ஜென்டினா முதலிய பல நாடுகளிலும் மக்கள் அம்மொழியைப் பேசுகின்றனர். அதனைத் தாய்மொழியாகக் கொண்டவர்களின் தொகை 45 கோடிக்கும் மிகுதியாகும்.

அந்தோனியோ டி நெப்ரிஹா என்னும் அறிஞர் 1492ஆம் ஆண்டில் அம்மொழிக்கு இலக்கணநூல் ஒன்றை வெளியிட்டார். அதே ஆண்டில்தான் கொலம்பஸ் ஸ்பெயினிலிருந்து மேற்குத் திசை நோக்கிக் கப்பலேறினார். அதன்பின் குடியேற்றத்தாலும் படையெடுப்பாலும் அம்மொழி கடல் கடந்து பரவிற்று.

முற்காலத்தில் அயல்மொழி கற்க விரும்பியவர் ஆசிரியரைத் தேடிச் செல்ல வேண்டியிருந்தது. பின்னர் அஞ்சல்வழிப் பாடங்கள் தோன்றின. ஆனால் அச்செழுத்துக்கு ஒலியில்லை. இருபதாம் நூற்றாண்டில் இசைத்தட்டும் வானொலியும் அயல்மொழியின் ஒலியை இல்லத்திற்குக் கொணர்ந்தன. எனினும் அவை பேசினவேயன்றி, கற்பவர் பேசியதைக் கேட்கவில்லை. இக்குறையை இணையம் பெரிதும் நீக்கியது.

குவாத்தமாலாவில் ஸ்பானிய மொழி பேசி வளர்ந்த லூயிஸ் வான் ஆன் என்பவர், செவரின் ஹாக்கர் என்பவருடன் கூடி டுவோலிங்கோ என்னும் இணையவழிப் பாடத்தை உருவாக்கினார். பொருள் உள்ளவர்க்கே நல்ல கல்வி கிட்டும் நிலையைத் தம் நாட்டில் கண்டவர் அவர். ஆதலின் அடிப்படைப் பாடங்களை எவரும் கட்டணமின்றிக் கற்க வழிசெய்தார். 2012ஆம் ஆண்டில் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

இத்தகைய பாடங்கள் சிறுசிறு பகுதிகளாக அமைந்திருக்கும். முன்னர்க் கற்ற சொற்கள் சில நாள் இடைவெளியில் மீண்டும் மீண்டும் வினவப்படும். கற்றவை முதற்சில நாள்களிலேயே விரைந்து மறந்துபோகின்றன என்பதை எபிங்ஹவுஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1885ஆம் ஆண்டிலேயே ஆய்ந்து வெளியிட்டார். மறக்கத் தொடங்கும் நேரத்தில் நினைவூட்டினால் சொல் உள்ளத்தில் நிலைக்கும்.

தமிழ் மாணவர்க்கு ஸ்பானிய மொழியிற் சில பகுதிகள் எளியனவாகும். 'ஆப்லோ' என்றால் 'பேசுகிறேன்'. 'ஆப்லாமோஸ்' என்றால் 'பேசுகிறோம்'. தமிழிற் போலவே வினையின் ஈறே பேசுவோர் யாரென்று காட்டிவிடுகிறது. 'தூ' என்பது நீ. 'உஸ்தெத்' என்பது மரியாதைக்குரிய நீங்கள். 'மேசா' என்றால் மேசை. அச்சொல் ஸ்பானியத்தின் உடன்பிறப்பாகிய போர்த்துகீசிய மொழி வழியே தமிழுக்கு வந்தது.

வேறு சில பகுதிகள் உழைப்பை வேண்டுவன. மேசைக்குத் தமிழில் பால் வேறுபாடு இல்லை. ஸ்பானியத்திலோ அது பெண்பாற் சொல். 'பெரோ' என்றால் 'ஆனால்'. நாவை அதிரச்செய்து 'பெர்ரோ' என்றால் 'நாய்'. இவ்வேறுபாட்டைக் கண்ணால் மட்டும் கற்க இயலாது.

இங்கேதான் கற்பவர் விழிப்புடன் இருத்தல் வேண்டும். திரையில் நான்கு விடைகளுள் சரியானதைத் தொடுவது எளிது. எதிரே நிற்பவர் விரைந்து வினவும்போது சொல்லைத் தாமே நினைவிற் கொணர்ந்து விடை கூறுவது அரிது. ஓராண்டு தவறாது பயின்று புள்ளிகளைக் குவித்த ஒருவர், ஸ்பானியர் ஒருவர் வழி கேட்டால் வாயடைத்து நிற்கவும் கூடும். அவர் சொற்களை அறிவார். அவருடைய நா அவற்றை அறியாது.

ஆதலின் ஒவ்வொரு பாடத்தையும் உரக்கப் படித்தல் நன்று. தம் குரலைப் பதிவு செய்து, பாடத்தின் குரலோடு ஒப்பிட்டுக் கேட்டல் அதனினும் நன்று. காணொளி வாயிலாக ஓர் ஆசிரியரோடோ, தமிழையோ ஆங்கிலத்தையோ கற்க விரும்பும் ஸ்பானிய மொழியாளரோடோ நாள்தோறும் சிறிது நேரம் உரையாடுதல் யாவற்றினும் சிறந்தது. முதலிற் பிழைகள் நேரும். பிழைக்கு நாணி வாய் மூடுபவர் பிழையையும் திருத்திக்கொள்ளார், மொழியையும் பெறார்.

தொலைவில் உள்ள ஆசிரியரை இணையம் இல்லத்திற்கு அழைத்து வரும். கற்பவர்க்காக அது பேசிவிடாது. வாய் திறந்து பேசும் துணிவைக் கற்பவரே வளர்த்துக்கொள்ளல் வேண்டும்.