லயத்து வளைவில் வாகனம் நிறுத்தலாமா?



நம்ம லயங்கள் பல ரோட்டோரமாகவே இருக்கின்றன. வளைவில் ஒரு ஆட்டோவை நிறுத்திவிட்டால், அதன் பின்னால் நிற்கும் பிள்ளை இறக்கத்தில் வரும் லொறிக்காரருக்குத் தெரியாது.

ஒரு கணக்குப் பார்ப்போம். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு செக்கனில் 11 மீற்றர் ஓடும். பிள்ளையைக் கண்டு பிரேக்கில் கால் வைக்கவே ஒரு செக்கன் போய்விடும். அதற்குப் பிறகுதான் வேகம் குறையத் தொடங்கும். மழையும் இறக்கமும் சேர்ந்தால் நிற்கும் தூரம் இன்னும் கூடும்.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை:

1. வளைவிலும் பிள்ளை மடுவத்துக்கு முன்னாலும் வாகனம் நிறுத்தாதீங்க. இரண்டு பக்கமும் தெரியும் இடமாகப் பார்த்து நிறுத்துங்க.

2. நடைபாதை இல்லாத ரோட்டில் வலது பக்கமாக, எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி நடக்கணும். சின்னப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக் கூட்டிப் போங்க.

3. தோட்டப் பாதைக்கு வேகத்தடை வேண்டுமானால் நிர்வாகத்துக்கும் பிரதேச சபைக்கும் எழுதிக் கேட்போம். 2018 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பிரதேச சபை தோட்டத்துக்குள்ளும் வேலை செய்யலாம்.

4. விபத்து நடந்தால் 1990க்கு அடியுங்க. அம்புலன்சுக்குக் காசு இல்லை.

ஆட்டோ ஓட்டுகிறவரும் நம்ம பிள்ளை, ரோட்டைக் கடக்கிறதும் நம்ம பிள்ளை. இதை இன்றைக்கே வீட்டில் பேசுங்க.