கற்றலுக்கு எல்லை உண்டோ?

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்ததும் கற்றல் நிறைவுற்றதா?

உ.வே. சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல நூல்களைக் கற்றவர். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டு சேலம் இராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என வினவினார். ஐயர் அதுவரை அதனைப் படித்ததில்லை.

பின்னர்ப் பயின்றபோது பல இடங்கள் விளங்கவில்லை. சுவடிகளில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளியும் இராது. ஐயர் நாணவில்லை, சமணர்களிடம் கேட்டறிந்தார், சுவடிகளை ஒப்பிட்டார், 1887இல் நூலைப் பதிப்பித்தார். ஆசிரியர் சொல்லக் கேட்பதே படிப்பு என்றிருந்தது. ஐயுற்று, வினவி, தேடித் தெளிவதும் படிப்பு என்றாயிற்று.

ஊரிலிருந்து பாட்டி எழுதும் கடிதத்தைப் பாதுகாத்து வையுங்கள். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் படியுங்கள். இன்று விளங்காத சொல் அன்று விளங்கும்.

பயிற்சி: முன்பு பொருள் புரியாமல் படித்து, இப்போது புரிந்துகொண்ட தமிழ்ச்சொல் ஒன்றைப் பற்றி நான்கு வரிகள் எழுதுக.