நெஞ்சுக்குள் "கட்டி" என்று சொன்னால்...

எக்ஸ்ரேயில் நெஞ்சுக்குள் ஒரு நிழல் தெரிகிறது என்று டொக்டர் சொன்னால், உடனே புற்றுநோய் எண்டு முடிவு கட்டிவிடாதேங்கோ. காசநோயும் பழைய தழும்பும் சாதாரணக் கட்டியும் அதே மாதிரித்தான் தெரியும். ஊசியாலோ குழாயாலோ சிறு இழையத் துண்டு எடுத்து, நுணுக்குக்காட்டியில் பார்த்த பிறகுதான் வகையை உறுதியாகச் சொல்வார்கள். வகைக்கு வகை வைத்தியம் வேறு.

முக்கியமான வகைகள்:

1. சுரப்பிக் கல வகை: நுரையீரல் புற்றுநோயில் அதிகம் காணப்படுவது. பெரும்பாலும் நுரையீரலின் ஓரத்தில் வரும். புகைக்காதவர்களுக்கும் வரும். சிலருக்கு மரபணுப் பரிசோதனை செய்து, அதற்கேற்ற குளிசை கொடுப்பார்கள்.

2. செதில் கல வகை: பெரும்பாலும் பெரிய மூச்சுக்குழாய்களின் உட்சுவரில் தொடங்கும். புகைத்தலோடு நெருங்கிய தொடர்பு. சளியில் இரத்தம் வரலாம்.

3. சிறு கல வகை: அநேகமாகப் புகைத்தவர்களுக்கே வரும். வேகமாகப் பரவும். அதனால் பெரும்பாலும் வெட்டி எடுக்காமல் மருந்தேற்றியும் கதிர் கொடுத்தும் பார்ப்பார்கள்.

4. மீசோதீலியோமா: நுரையீரல் உறையில் வருவது. முக்கிய காரணம் அஸ்பெஸ்டஸ் தூசி. தூசி பட்டு 20, 40 வருடம் கழித்தும் வரும்.

5. தைமோமா: நெஞ்செலும்புக்குப் பின்னால் வருவது. கூடுதலாக நடுத்தர வயதில். சிலருக்குக் கண் இமை தொங்கும், கை கால் சோரும். இளம் வயதினருக்கு அதே இடத்தில் நிணநீர்ப் புற்றுநோயும் வரலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது:

மூன்று கிழமைக்கு மேல் இருமல் இருந்தால் ஜி.பி.யிடம் போங்கோ. சளியில் இரத்தம் கண்டால் காத்திருக்க வேண்டாம்.

சுருட்டு, பீடி, சிகரெட் எதுவானாலும் மறைக்காமல் சொல்லுங்கோ. ஊரில் கூரைச் சீற் வெட்டியிருந்தால், கட்டிடம் உடைத்திருந்தால் அதையும் சொல்லுங்கோ. டொக்டர் உங்களைக் குற்றம் பிடிக்கக் கேட்பதில்லை.

"ஊசி பட்டால் பரவும்" என்ற பேச்சைக் கேட்டுப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதேங்கோ. அப்படி நடப்பது மிக அரிது. தாமதம்தான் ஆபத்து.

தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கோ, அது இலவசம். பிள்ளையைக் கூட்டிப்போய் மொழிபெயர்க்க வைக்க வேண்டாம்.

தங்குமிடம் மாற்றப்பட்டால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் புது விலாசம் கொடுங்கோ. கடிதம் பழைய வீட்டுக்குப் போனால் உங்கள் முறை தவறிவிடும்.

இங்கிலாந்தில் உங்கள் அகதி விண்ணப்பமோ மேன்முறையீடோ நடக்கும் காலத்தில் ஆஸ்பத்திரி வைத்தியத்துக்குக் காசு இல்லை. காசு கேட்டுக் கடிதம் வந்தால், வைத்தியத்தை நிறுத்தாமல் கடிதத்தை எங்களிடம் கொண்டு வாருங்கோ.