மூணு துப்பாக்கிப் போட்டிக்கு எந்த பிஸ்டல்? – ஒரு தேர்வுப் பாடம்



போன செமஸ்டர்ல ஒரு ரோபோ போட்டிக்குப் போனோம். நாலு பேர், ரெண்டு மாச உழைப்பு. கடை கடையா அலைஞ்சு, இருக்கறதிலேயே வேகமான மோட்டாரா பார்த்து வாங்கி மாட்டினோம். அதுக்கு ஏத்த மாதிரி பேட்டரியும் போட்டோம். போட்டி அன்னைக்கு நடுவர் மல்டிமீட்டரை வச்சுப் பார்த்தார், "இது ஓட முடியாதுப்பா, எடுத்துட்டுப் போங்க"ன்னு சொல்லிட்டார். விதிப்புத்தகத்தோட மூணாம் பக்கத்துலேயே மின்னழுத்தத்துக்கு உச்சவரம்பு போட்டிருந்தது. எங்க நாலு பேர்ல ஒருத்தர்கூட அந்தப் பக்கத்தைப் படிக்கல.

அந்தச் சோகத்துல ஹாஸ்டல்ல உட்கார்ந்து வீடியோ பார்த்துக்கிட்டு இருந்தப்பதான் 'மல்டி-கன்' என்கிற அமெரிக்கப் போட்டி கண்ணுல பட்டது. புதுசா சேர்ற ஒவ்வொருத்தரும் அங்கே கேட்கிற முதல் கேள்வி: "எந்த பிஸ்டல் வாங்கலாம்?" நாங்க மோட்டார் வாங்கும்போது கேட்ட அதே கேள்வி! அனுபவசாலிகள் அதுக்குப் பதில் சொல்ற விதத்தைப் பார்த்தப்போ, எங்க தப்பு எங்கே ஆரம்பிச்சதுன்னு புரிஞ்சுது. அதைத்தான் இங்கே பாடமா எழுதறேன்.

ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடறேன். என்.சி.சி. முகாம்ல .22 ரைஃபிள் சுட்டதைத் தவிர எனக்குத் துப்பாக்கி அனுபவம் கிடையாது. நம்ம நாட்டுல 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேணும். கீழே வர்ற 9 மி.மீ. பிஸ்டல்கள் எல்லாம் இங்கே தடை செய்யப்பட்ட வகை. அதனால இது வாங்கறதுக்கான வழிகாட்டி இல்ல. ஒரு பொருளை எப்படித் தேர்ந்தெடுக்கறதுங்கறதைப் பத்தின கட்டுரை.

அது என்ன போட்டி?

ரைஃபிள், ஷாட்கன், பிஸ்டல் மூணையும் ஒரே ஓட்டத்துல பயன்படுத்தணும். ஒவ்வொரு சுற்றையும் 'ஸ்டேஜ்'னு சொல்றாங்க. பீப் சத்தம் கேட்டதும் ஓட ஆரம்பிக்கணும். ரைஃபிளால தூரத்து இலக்குகளைச் சுட்டுட்டு, அதை அங்கே வச்சிருக்கிற பீப்பாயில வைக்கணும். இடுப்புல இருக்கிற பிஸ்டலை உருவி பக்கத்து இலக்குகளை முடிக்கணும். அப்புறம் ஷாட்கனை எடுத்துக்கிட்டு இரும்புத் தகடுகளைச் சாய்க்கணும். வரிசை ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் மாறும்.

இதுக்கு அடிப்படை, நடைமுறைத் துப்பாக்கிச் சுடுதல் என்கிற விளையாட்டு. அதுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு 1976-ல அமெரிக்காவோட மிசூரி மாநிலத்துல கொலம்பியா நகர்ல உருவாச்சு. முதல் தலைவர் ஜெஃப் கூப்பர். துல்லியம், ஆற்றல், வேகம் மூணும் சமமா இருக்கணும்ங்கறதுதான் கொள்கை. மூணு துப்பாக்கிப் போட்டி 1980-களின் தொடக்கத்துல அங்கே பரவ ஆரம்பிச்சது.

பெரும்பாலான மல்டி-கன் போட்டிகள்ல மதிப்பெண் ரொம்ப எளிமை. எடுத்துக்கிட்ட நேரம், அதோட தண்டனை வினாடிகள். ஒரு காகித இலக்குல நடுப் பகுதியில ஒரு குண்டு, இல்லேன்னா எங்கேயாவது ரெண்டு குண்டு பட்டா அந்த இலக்கு முடிஞ்சது. விட்டுட்டா வினாடிகள் கூடும். மொத்தம் குறைவா இருக்கிறவர் ஜெயிப்பார். இதை ஞாபகம் வச்சுக்கங்க. பிஸ்டல் தேர்வு முழுக்க இதுலேருந்துதான் வருது.

முதல் படி: பிரிவைத் தேர்ந்தெடு, பிஸ்டலை அல்ல

நாங்க கோட்டை விட்டது இங்கேதான். 'எது நல்ல பிஸ்டல்?'ங்கற கேள்விக்குப் பதிலே கிடையாது. 'எந்தப் பிரிவுக்கு?'ன்னு சேர்த்துக் கேட்டாத்தான் பதில் வரும்.

ஓபன் பிரிவுல கிட்டத்தட்ட எல்லாமே உண்டு. பிஸ்டல்ல ரெட் டாட் குறிகாட்டி, குழல் முனையில வாயுவை மேல் நோக்கித் திருப்பி விடற காம்பன்சேட்டர், 171.25 மி.மீ. வரை நீளமான மேகசின் எல்லாம் வச்சுக்கலாம்.

டாக்டிகல் பிரிவுல வழக்கமா ரைஃபிள்ல மட்டும்தான் லென்ஸ் குறிகாட்டி. பிஸ்டல்ல சாதாரண இரும்புக் குறிகாட்டி, 141.25 மி.மீ. மேகசின். அதிகம் பேர் ஆடறது இந்தப் பிரிவுலதான்.

ஹெவி மெட்டல் பிரிவுல எல்லாமே கனம். .308 ரைஃபிள், பம்ப் ஷாட்கன், .45 பிஸ்டல்.

சமீப வருஷங்கள்ல சில போட்டிகள் மத்த பிரிவுகள்லயும் பிஸ்டலுக்கு ரெட் டாட் அனுமதிக்குது. போட்டிக்குப் போட்டி விதி மாறும். டாக்டிகல்ல ஆடப் போற ஒருத்தர் காம்பன்சேட்டர் வச்ச விலை உயர்ந்த பிஸ்டலோட வந்து நின்னா, அவரை நேரா ஓபனுக்குத் தள்ளிடுவாங்க. அங்கே மத்தவங்க ரைஃபிளும் ஷாட்கனும் அவருதைவிட ரொம்ப வேகமா இருக்கும். பிஸ்டல் நல்லதுதான், ஆனா போட்டி போச்சு.

டிசைன் வகுப்புல சொல்ற மாதிரி, முதல்ல கட்டுப்பாடுகளை எழுதணும். அப்புறம்தான் எதை உச்சப்படுத்தறதுன்னு யோசிக்கணும்.

ரெண்டாம் படி: எந்தத் தோட்டா?

இங்கே 'பவர் ஃபேக்டர்'னு ஒரு எண் வருது. குண்டோட எடையைக் கிரெயின் அலகுலயும் வேகத்தை அடி/வினாடியிலயும் எடுத்துப் பெருக்கி 1000-ஆல வகுக்கணும். அது வேற ஒண்ணும் இல்ல, நம்ம முதலாமாண்டு இயற்பியல்ல படிச்ச உந்தம்தான்! அமெரிக்க விதியில 'மைனர்' கணக்குல சேர குறைஞ்சது 125 வேணும், 'மேஜர்'க்கு 165.

9 மி.மீ.யில 124 கிரெயின் குண்டு 1050 அடி/வினாடியில போனா 130.2 வரும். எஸ்.ஐ. அலகுல மாத்தினா சுமார் 2.57 கிலோகிராம்·மீட்டர்/வினாடி.

பிஸ்டல் மட்டுமே இருக்கிற போட்டிகள்ல மேஜர் தோட்டாவுக்கு ஓர அடிகள்ல கூடுதல் புள்ளி உண்டு. அதனால அங்கே கனமான தோட்டாவுக்கு அர்த்தம் இருக்கு. ஆனா மேலே சொன்ன நேரக் கணக்குப் போட்டியில, எங்கேயாவது ரெண்டு குண்டு பட்டாப் போதும். மேஜரால லாபம் எதுவும் இல்ல. உதைப்பு மட்டும்தான் கூடும். அதனாலதான் ஹெவி மெட்டலைத் தவிர்த்து மத்த பிரிவுகள்ல 9 மி.மீ.யே சரியான தேர்வா இருக்கு. தோட்டா விலை குறைவு, மேகசின்ல அதிகம் பிடிக்கும், உதைப்பும் கம்மி. ஒரே ஒரு கவனம்: சாய்ஞ்சு விழ வேண்டிய இரும்பு இலக்குகளும் இருக்கும். உதைப்பைக் குறைக்கறேன்னு ரொம்ப பலவீனமான தோட்டா போட்டா, பட்டும் அது விழாது.

மூணாம் படி: எடையா, லேசா?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். வெடிமருந்து வாயுவோட உந்தத்தை விட்டுட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க இது போதும். குண்டு முன்னால போற உந்தமும் பிஸ்டல் பின்னால வர்ற உந்தமும் சமம்.

சுமார் 0.7 கிலோ எடையுள்ள பிளாஸ்டிக் சட்ட பிஸ்டல், உதாரணமா கிளாக் 17: பின்னால வர்ற வேகம் 2.57 ÷ 0.7 = 3.7 மீ/வி. ஆற்றல் சுமார் 4.7 ஜூல்.

1.33 கிலோ எடையுள்ள எஃகு பிஸ்டல், அதாவது சி.இசட். ஷேடோ 2: வேகம் 1.9 மீ/வி. ஆற்றல் சுமார் 2.5 ஜூல்.

கையில வந்து சேர்ற ஆற்றல் கிட்டத்தட்ட பாதியாயிடுது! இதைப் பார்த்ததும் நான் "எஃகுதான்"னு முடிவே பண்ணிட்டேன். ஆனா கொஞ்சம் பொறுங்க. அந்தப் பிஸ்டல் ஸ்டேஜ்ல பெரும்பாலான நேரம் இடுப்புலதான் தொங்குது. அதே பெல்ட்ல ஷாட்கன் தோட்டாக்கள், ரைஃபிள் மேகசின், பிஸ்டல் மேகசின் எல்லாம் இருக்கு. ஓடணும், குனியணும், சில நேரம் தவழணும். நாள் முழுக்க ஆறேழு ஸ்டேஜ் ஆடணும். சும்மா நின்னு சுடும்போது நல்லதா இருக்கிற எடை, ஓடும்போது பாரம். எது சரின்னு கணக்கு மட்டும் சொல்லாது. ரெண்டையும் இடுப்புல கட்டி ஓடிப் பார்த்தாத்தான் தெரியும்.

நாலாம் படி: நீளமான குழல் வேணுமா?

கிளாக் 17-ல முன், பின் குறிகாட்டிகளுக்கு இடையே 165 மி.மீ. அதோட நீள வடிவமான கிளாக் 34-ல 192 மி.மீ. குறிபார்க்கும்போது முன்முள் அரை மி.மீ. விலகினா, 15 மீட்டர் தூரத்துல என்ன ஆகும்? வடிவொத்த முக்கோணம் போட்டுப் பாருங்க. முதல் பிஸ்டல்ல சுமார் 45 மி.மீ. தள்ளிப் போகும், ரெண்டாவதுல சுமார் 39 மி.மீ.

இலக்கோட நடுப் பகுதி ஏறக்குறைய 150 மி.மீ. அகலம். நடுவுலேருந்து ரெண்டு பக்கமும் 75. ஆக, ரெண்டும் உள்ளேதான் விழும். பிழை 1 மி.மீ. ஆனா 91-ம் 78-ம்; ரெண்டுமே வெளியே! நீளம் கொஞ்சம் உதவும், ஆனா டிரிகரை வெடுக்குன்னு இழுக்கிற விரலைக் காப்பாத்தாது. பிஸ்டலை மாத்தறதுக்கு முன்னாடி விரலை மாத்தணும்.

டிரிகர் பத்தியும் ஒரு வார்த்தை. கிளாக்ல ஒவ்வொரு இழுப்பும் ஒரே மாதிரி. ஷேடோ 2-ஐ சுத்தியல் இறங்கின நிலையிலேருந்து ஆரம்பிச்சா முதல் இழுப்பு நீளம், அடுத்தது குட்டை. '2011' வகை, பழைய 1911 வடிவமைப்பை ரெட்டை வரிசை மேகசினுக்காக அகலப்படுத்தினது. டிரிகர் ரொம்பக் குட்டை, ரொம்ப இதமானது. விலை கிளாக்கை மாதிரி பல மடங்கு.

அஞ்சாம் படி: சிக்காம சுடுமா?

ஒரு ஸ்டேஜ் 60 வினாடின்னு வச்சுக்குவோம். அதுல பிஸ்டல் பங்கு 15 வினாடி. புது பிஸ்டல் வாங்கி அதை 10 சதவீதம் வேகமாக்கினா லாபம் 1.5 வினாடி. அதே பிஸ்டல்ல ஒரே ஒரு தோட்டா சிக்கினா, தட்டி, இழுத்து, மறுபடி குறிபார்க்க 3, 4 வினாடி போயிடும். ரெண்டு ஸ்டேஜ்ல சம்பாதிச்சதை ஒரு சிக்கல் சாப்பிட்டுடும்.

போட்டி நடக்கறது மணல், புழுதி, சில நேரம் மழையில. பீப்பாய்க்குள்ள மேகசின் விழும், மண் ஒட்டும். அதனால அனுபவசாலிகள் சொல்ற அறிவுரை சுவாரசியமே இல்லாதது: ஏற்கெனவே நம்பகமா ஓடற சாதாரண பிஸ்டலை வச்சுக்க. மிச்சக் காசுல மேகசினும் பயிற்சித் தோட்டாவும் வாங்கு. ஷாட்கன்ல வேகமா தோட்டா நிரப்பப் பழகு. ஸ்டேஜ்ல நிறைய நேரம் கரையறது அங்கேதான்.

கடைசிப் படி, ஆனா முதல்ல யோசிக்க வேண்டியது: உறை

வேகமா உருவறதுக்காக, பிஸ்டல் மட்டும் இருக்கிற போட்டிகள்ல திறந்த சட்டம் மாதிரி ஒரு ஹோல்ஸ்டர் பயன்படுத்துவாங்க. டிரிகர் பகுதியை மட்டும்தான் அது பிடிச்சிருக்கும். மல்டி-கன்ல அதைப் போட்டுக்கிட்டு கையில ரைஃபிளோட ஓடி, ஒரு தடுப்பைத் தாண்டிக் குதிச்சா என்ன ஆகும்? குண்டு நிரப்பின பிஸ்டல் தரையில விழும். அந்த நொடியே போட்டி முடிஞ்சது. அன்னைக்கு அவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மன்னிப்பே கிடையாது. கடுமையா தோணலாம். ஆனா பின்னால நடுவர் ஓடி வர்றார், பக்கத்துல இருபது பேர் நிக்கறாங்க. அந்த விதி அவங்க உயிருக்காக.

அதனால மல்டி-கன்ல பிஸ்டல் மட்டும் தேர்வு பண்றது இல்ல. பிஸ்டலும், அதை இறுக்கிப் பிடிக்கிற ஹோல்ஸ்டரும் சேர்ந்து ஒரே பொருள். நல்ல ஹோல்ஸ்டர் கிடைக்காத அபூர்வ பிஸ்டல், எவ்வளவு அழகா இருந்தாலும் வேண்டாம்.

இன்னொண்ணும் உண்டு. சில ஸ்டேஜ்கள்ல பிஸ்டலை நடுவுலேயே பீப்பாய்க்குள்ள விட்டுட்டுப் போகணும். சேப்டி போட்டிருக்கணும், இல்லேன்னா முழுசா காலியா இருக்கணும். தப்பா விட்டாலும் வெளியேற்றம்தான். கையால போடற சேப்டி லிவரே இல்லாத கிளாக் மாதிரி பிஸ்டலுக்கு அந்தப் போட்டியோட விதி என்னங்கறதை வாங்கறதுக்கு முன்னாடியே படிச்சிருக்கணும். எங்க மூணாம் பக்கம் மாதிரி!

ஆக, எது?

புதுசா டாக்டிகல் பிரிவுல ஆட வர்ற ஒருத்தருக்கு என் பதில்: 9 மி.மீ., முழு அளவு, இரும்புக் குறிகாட்டி, எங்கேயும் மேகசினும் ஹோல்ஸ்டரும் கிடைக்கிற பிஸ்டல். கிளாக் 17-ஓ 34-ஓ போதும். வீட்டுல ஏற்கெனவே அது மாதிரி ஒண்ணு இருந்தா வாங்கவே வேண்டாம். ஒரு வருஷம் ஆடினப்புறம், தன் நேரம் எங்கே போகுதுன்னு கையில கணக்கு இருக்கும்போது ஷேடோ 2 பத்தியோ 2011 பத்தியோ யோசிக்கலாம்.

இந்த செமஸ்டர்ல நாங்க மறுபடி அதே ரோபோ போட்டிக்குப் பதிவு பண்ணியிருக்கோம். இன்னும் மோட்டார் வாங்கல. விதிப்புத்தகத்தைப் பிரிண்ட் எடுத்து, நாலு பேரும் ஆளுக்கொரு தடவை படிச்சு, கடைசிப் பக்கத்துல கையெழுத்து போட்டிருக்கோம். பழைய மோட்டாரே போதும்னு ரெண்டு பேர் சொல்றாங்க. அடுத்த வாரம் ஓட்டிப் பார்த்துட்டு முடிவு பண்ணுவோம்.