அலைக்கு முன் கரையைப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

அரையாண்டு விடுமுறையில் சர்ஃபிங் கற்றுக்கொள்ள வேண்டும், கடல் சற்று முரடாக இருந்தாலும் பத்திரமான இடம் எது என்று கேட்டிருந்தாய். ஒரு கடற்கரையின் பெயரைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் காற்று திசை மாறினால் அதே கரையின் குணம் மாறிவிடும். அதனால் இடம் பார்க்கும் முறையையே சொல்லித்தருகிறேன்.

முதலில், போகவே கூடாத நாட்கள். தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று, இதே அரையாண்டு விடுமுறையில்தான், கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. கடலிலிருந்து அவ்வளவு தள்ளியிருக்கும் நெய்வேலியிலேயே மரங்கள் சாய்ந்தன. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு விழுந்தன. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் வந்ததும் நம் பக்கம்தான். கடலூர் துறைமுகத்தில் எந்த எண் புயல் கூண்டு ஏற்றியிருந்தாலும் பலகையைத் தொடாதே. மீனவர்கள் படகை மேட்டில் ஏற்றிவைத்திருந்தாலும் அப்படியே. இடி கேட்டால் உடனே கரையேறு. கடைசி இடி ஓய்ந்து அரை மணி நேரமாவது போகட்டும்.

வானம் தெளிவாக இருப்பதை மட்டும் நம்பாதே. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். அங்கே புயல் எதுவும் இல்லை. தெற்கே வெகுதொலைவில் எழும் பெரிய அலைகள், உள்ளூரில் காற்றே இல்லாதபோதும் வந்து மோதும். கள்ளக்கடல் என்பது இதைத்தான். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையம் இதற்கு எச்சரிக்கை தருகிறது. அலையின் உயரம், திசை, இரண்டு அலைகளுக்கு நடுவிலான நேரம் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்கிறது. உயரத்தை மட்டும் பார்க்காதே. இடைவெளி நீள நீள, அதே உயரமுள்ள அலை கூடுதல் வலுவோடு வரும்.

இனி ஒதுக்கான இடம். வாடைக்காலத்தில் அலை வடகிழக்கிலிருந்து வரும். கடலுக்குள் நீண்டிருக்கும் பாறைமுனையோ கல்தடுப்போ இருந்தால், அதன் தென்புறத்தில் அலை தணிந்திருக்கும். தென்மேற்குப் பருவக்காலத்தில் அலை தெற்கிலிருந்து வருவதால் வடபுறம் தணியும். கோவளம், மாமல்லபுரம் போன்ற ஊர்களில் பாறைமுனைகள் இருக்கின்றன. கற்றுத்தரும் பள்ளிகளும் இருக்கின்றன. புதுச்சேரிக்கு வடக்கே செரினிட்டி பீச்சிலும் பள்ளி உண்டு. ஆனால் ஒதுக்கு என்று கல்லை ஒட்டி நிற்காதே. கல்லோரமாகவே நீர் கடலுக்குள் ஓடும். அலை தூக்கி வீசினால் விழுவதும் கல்மேல்தான்.

உனக்குப் பக்கம் கடலூர் வெள்ளிக் கடற்கரை. அது நேராக ஓடும் திறந்த கரை, வாடைக்கு மறைப்பே கிடையாது. பக்கத்திலேயே கெடிலம் கடலில் கலக்கிறது. மழைக்குப் பிறகு முகத்துவாரத்தில் ஆற்றுநீர் வேகமாக வெளியேறும். மரக்கட்டைகளையும் சாக்கடையையும் சேர்த்துக்கொண்டு வரும். எந்த ஊரானாலும் முகத்துவாரத்தை விட்டு நன்றாகத் தள்ளிப் போ.

கரைக்குப் போனதும் தண்ணீரில் கால் வைக்காதே. மேடான மணலில் கால் மணி நேரம் நின்று பார். இருபுறமும் அலை வெள்ளையாக உடையும்போது நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல், கறுத்து, அமைதியாகத் தெரியும். அதன்மேல் மிதக்கும் நுரையைக் கவனி. கரைக்கு வராமல் கடலை நோக்கிப் போகிறதா? அதுதான் இழுவை நீரோட்டம். புதியவர்கள் அமைதியான இடம் என்று நம்பி நேராக அதில்தான் இறங்குகிறார்கள். சிக்கிவிட்டால் எதிர்த்து நீந்தாதே. பலகையை விடாமல் பிடித்து, கையை உயர்த்தி அசை. முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர். பலகையையும் காலையும் இணைக்கும் லீஷ் கயிற்றைக் கட்டாமல் இறங்கவே கூடாது.

உனக்கேற்ற இடம் இதுதான்: அடியில் மணல், இடுப்பளவு ஆழம், அலை உடைந்தபின் உருண்டுவரும் நுரைத்தண்ணீர், விழுந்தால் எழுந்து நடந்தே வெளியேறக்கூடிய சரிவு, கண்ணெடுக்காமல் பார்க்கும் பயிற்சியாளர். எந்த வழியாக வெளியே வருவேன் என்று கரையிலேயே உன்னால் சொல்ல முடியவில்லை என்றால் அது உன் இடமில்லை. நிலத்திலிருந்து கடலை நோக்கிப் பலத்த காற்று அடிக்கும் நாளும் வேண்டாம். தண்ணீர் வழவழப்பாகத் தெரியும், ஆனால் காற்று பலகையோடு உன்னையும் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போய்விடும்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், டிசம்பரில் நம் பக்கத்துக் கடல் புதியவருக்கு ஏற்றதாக இருக்கும் நாட்கள் மிகக் குறைவு. ஆசையைக் கெடுக்க இதை எழுதவில்லை. 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தது. நம் கடலுக்கு அந்தத் தகுதி இருக்கிறது, உனக்கும் நிறைய காலம் இருக்கிறது. இந்த விடுமுறையில் நீச்சலைப் பலப்படுத்து. பலகைமேல் எழுவதுபோலவே, தரையில் படுத்து ஒரே மூச்சில் எழுந்து நிற்கப் பழகு. வாடை ஓய்ந்து, மாசி பங்குனியில் கடல் தணியும். அப்போது அப்பாவிடம் நானே பேசி உன்னை அழைத்துப் போகிறேன். அன்றைக்கும் பயிற்சியாளர் வேண்டாம் என்றால் மறுபேச்சில்லாமல் திரும்பிவிடுவோம்.

அன்புடன்,
அக்கா