பலூன் ஏன் உடையல? ஸ்ட்ரைக்கர், ட்ரிகர், சைட் பற்றி ஒரு பாடம்

எங்க ஊர் சாகுபுரம். கந்த சஷ்டி வந்தா பஸ் ஏறி திருச்செந்தூர் போயிடுவோம். சூரசம்ஹாரம் பாக்கப் போறோம்னு வீட்டுல சொன்னாலும், எனக்கும் தம்பிக்கும் மனசு முழுக்க பலூன் சுடுற கடையிலதான் இருக்கும். பத்து குண்டு சுட்டா ரெண்டு பலூன் உடையும். "கை நடுங்குது தம்பி, மூச்சைப் பிடிச்சுச் சுடு" என்பார் கடைக்கார அண்ணாச்சி. நானும் ரொம்ப நாள் என் கை மேலதான் பழியைப் போட்டேன். மெக்கானிக்கல்ல மெஷின் டிசைன் படிச்ச பிறகுதான் சந்தேகம் வந்தது. தப்பு கையிலயா, துப்பாக்கியிலயா?

கேம்ல க்ளாக் எடுத்துட்டு ஓடுறவங்க, நல்ல ட்ரிகரும் நல்ல சைட்டும் மாட்டினா குறி தானா விழும்னு வீடியோ பாத்து நம்புறவங்க, துப்பாக்கி சுடும் போட்டிக்குப் பழகலாமான்னு யோசிக்கிறவங்க, எல்லாருக்கும் இந்தப் பாடம்.

ஸ்ட்ரைக்கர்னா என்ன?

பழைய சினிமாவுல வில்லன் கட்டைவிரலால பின்னாடி இழுப்பாரே, அது ஹேமர். அந்தச் சுத்தியல் ஃபயரிங் பின்னை அடிக்கும், பின் தோட்டாவோட அடியில இருக்கிற பிரைமரைக் குத்தும். ஸ்ட்ரைக்கர் வகையில சுத்தியலே கிடையாது. ஸ்பிரிங் விசையில் இருக்கிற பின்னே நேரா முன்னால பாஞ்சு குத்தும். அது பாயாம பிடிச்சு வச்சிருக்கிற கொக்கிதான் சியர். ட்ரிகரை இழுத்தா சியர் விலகும், ஸ்ட்ரைக்கர் பாயும். மொத்தக் கதையும் இவ்வளவுதான்.

இது புதுசும் இல்லை. ஜான் பிரவுனிங் வடிவமைச்சு பெல்ஜியத்தோட எஃப்.என். ஆலை செஞ்ச 1900-ஆம் வருஷ மாடலே ஸ்ட்ரைக்கர் வகைதான். தூத்துக்குடியிலருந்து ரயில் ஏறினா வாஞ்சி மணியாச்சி வருமே, அங்கே 1911 ஜூன் 17-ல் கலெக்டர் ஆஷைச் சுட வாஞ்சிநாதன் பயன்படுத்தினதும் பெல்ஜியத்துல செஞ்ச பிரவுனிங் துப்பாக்கிதான். இந்த வகையை உலகம் முழுக்கப் பரப்பினது க்ளாக் 17. ஆஸ்திரிய ராணுவம் அதை 1982-ல் தேர்ந்தெடுத்தது. க்ளாக்ல ஸ்ட்ரைக்கர் பாதி இழுபட்ட நிலையில காத்திருக்கும், மீதியை உங்க விரல் இழுக்கணும். அதனாலதான் அதோட ட்ரிகர் சுமார் இரண்டரை கிலோ விசை கேக்குது.

நமக்கு எது?

இந்தியாவில் 9 மி.மீ. தடை செய்யப்பட்ட வகை. மத்த கைத்துப்பாக்கிகளுக்கும் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேணும், வயசு 21 முடிஞ்சிருக்கணும். ஆக, க்ளாக் வாங்கி ட்ரிகர் மாத்துற பேச்சு நமக்கு வீடியோவோட சரி. ஆனா 4.5 மி.மீ. குழாயும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு 2016 ஆயுத விதிகள்படி உரிமம் தேவையில்லை. ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் இந்த வகைதான். ட்ரிகர், சைட் பத்தின இயற்பியல் ரெண்டுக்கும் ஒண்ணுதான். அதனால கணக்கை இதுலயே போட்டுப் பாக்கலாம்.

சைட்: பத்தாம் வகுப்பு வடிவொத்த முக்கோணம்

10 மீட்டர் இலக்கில் பத்து மதிப்பெண் வட்டத்தோட விட்டம் 11.5 மி.மீ. குண்டோட ஓரம் கோட்டைத் தொட்டாலே போதும். அதனால குண்டோட மையம் நடுப்புள்ளியிலருந்து 8 மி.மீ. வரை விலகலாம்.

பின் சைட்டுக்கும் முன் சைட்டுக்கும் இடைத் தூரம் 320 மி.மீ.ன்னு வச்சுக்குங்க. முன் சைட் பள்ளத்தோட நடுவுல இல்லாம 1 மி.மீ. தள்ளி நின்னா, இலக்குல பிழை 10,000 ÷ 320, அதாவது சுமார் 31 மி.மீ. பத்து வட்டம் போச்சு, ஒன்பதும் போச்சு. பத்து விழணும்னா முன் சைட் கால் மில்லிமீட்டருக்குள்ள நிக்கணும். க்ளாக் 17-ல் அந்த இடைத் தூரம் 165 மி.மீ. அளவுதான். அங்கே அதே 1 மி.மீ. பிழை 61 மி.மீ. ஆகும். போட்டித் துப்பாக்கி நீளமா இருக்கிறதுக்குக் காரணம் அழகு இல்லை, இந்த வகுத்தல் கணக்கு.

இப்ப இன்னொரு பக்கம் பாருங்க. சைட் ரெண்டும் சரியா ஒத்து நிக்குது, கை மட்டும் மொத்தமா 5 மி.மீ. பக்கவாட்டுல நகருதுன்னா இலக்குலயும் 5 மி.மீ. மட்டும்தான் நகரும். ஆகவே கை நடுக்கம் பெரிய எதிரி இல்லை, சைட் கோணல்தான் எதிரி. கண்ணை முன் சைட் மேல வைங்க, இலக்கு மங்கலாத் தெரிஞ்சா தெரியட்டும்னு பயிற்சியாளர்கள் சொல்றது இதனாலதான்.

சரி பண்ற விதியும் எளிசு. குண்டு எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் பின் சைட்டை நகர்த்துங்க. முன் சைட்டுக்கு இது தலைகீழ். பலூன் கடைத் துப்பாக்கியில முன் சைட் வலது பக்கம் வளைஞ்சிருந்தா குண்டு இடது பக்கம் போகும்.

ட்ரிகர்: எடை மட்டும் இல்லை விஷயம்

விரல் நேரா பின்னோக்கி இழுத்தா பிரச்சினையே இல்லை. நடைமுறையில கொஞ்சம் சாயும். 5 டிகிரி சாயுதுன்னு வைங்க, சைன் 5 சுமார் 0.087. இரண்டரை கிலோ ட்ரிகரில் பக்கவாட்டு விசை சுமார் 218 கிராம். 500 கிராம் ட்ரிகரில் அது 44 கிராம்தான். வெறும் க்ளாக் 700 கிராம் அளவுதான் இருக்கும். அதை 218 கிராம் விசை எப்படித் திருப்பும்னு யோசிச்சுப் பாருங்க.

அப்போ 50 கிராமாக் குறைச்சுட்டா? விதி விடாது. ஏர் பிஸ்டலுக்கு ட்ரிகர் எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது. குழாயைச் செங்குத்தாப் பிடிச்சு, ட்ரிகர்ல எடையைத் தொங்கவிட்டுச் சோதிப்பாங்க. இந்த விதிக்குப் பின்னால பாதுகாப்பும் இருக்கு. அதை நான் புத்தகத்துல படிச்சுத் தெரிஞ்சுக்கல.

நான் செஞ்ச தப்பு

ரெண்டாவது வருஷம் காசு சேத்து ஒரு சாதாரண ஏர் பிஸ்டல் வாங்கினேன். எங்க ஊர்ல உப்புக் காத்து. சைக்கிள் செயினே மழைக்காலம் தாண்டாது. நாலு மாசத்துல ட்ரிகர் மணல்ல இழுக்கிற மாதிரி கரகரன்னு ஆச்சு. ஒரு வீடியோ பாத்தேன், கழட்டினேன், சியர் முனையை அரத்தால ராவினேன். ட்ரிகர் வெண்ணெய் மாதிரி ஆயிடுச்சு. பெருமையா குண்டு போட்டு, காக் பண்ணி, மேசை மேல வச்சேன். வச்சேன், அவ்வளவுதான். யாரும் தொடல. டப்புனு சுட்டது.

குண்டு சுவர்ல இருந்த காலண்டர்ல பாஞ்சது. தம்பி தினமும் உக்காந்து படிக்கிற நாற்காலிக்கு நேரா மேல. அன்னிக்கு அவன் டியூஷன் போயிருந்தான். அம்மா ஒரு வார்த்தை திட்டல. அந்த நாற்காலியை எடுத்து அடுத்த ரூம்ல போட்டாங்க. அது திட்டை விட மோசம்.

நடந்தது என்ன? சியரும் ஸ்பிரிங் விசையைத் தாங்குற பாகமும் ஒண்ணை ஒண்ணு பிடிச்சிருக்கிற அளவு மில்லிமீட்டர் கணக்குல இருக்கும். அந்தப் பிடிப்புதான் பாதுகாப்பே. நான் ராவி எடுத்தது கரகரப்பை இல்லை, பாதுகாப்பை. உண்மையில அதுக்குத் தேவைப்பட்டது துரு துடைச்சு ஒரு சொட்டு எண்ணெய் விடுறது மட்டும்தான்.

பெரிய ஆலைகளுக்கே இது எளிசு இல்லை. அமெரிக்க ராணுவம் 2017 ஜனவரியில் தேர்ந்தெடுத்தது ஸிக் பி320 வகை, அதுவும் ஸ்ட்ரைக்கர்தான். அதே வருஷம், கடைகளில் வித்த பி320 சில கோணங்கள்ல கீழ விழுந்தா தானா சுடுதுன்னு சோதனைகள் காட்டின. விழுந்து மோதும்போது ட்ரிகரோட சொந்த எடையே, நிலைமத்தால, அதைப் பின்னுக்கு இழுத்தது ஒரு காரணம். ஆகஸ்ட்ல நிறுவனம் மேம்படுத்தலை அறிவிச்சு, எடை குறைஞ்ச ட்ரிகர், சியர், ஸ்ட்ரைக்கர் போட்டுக் கொடுத்தது. கவனிங்க, அவங்க குறைச்சது பாகத்தோட நிறையை. நான் குறைச்சது பிடிப்பை. ரெண்டும் ஒண்ணு இல்லை.

அப்போ எந்த வரிசையில போகணும்?

1. வாங்குறதுக்கு முன்னாடி ஒரு ரைஃபிள் கிளப்ல சேந்து அவங்க துப்பாக்கியில சுட்டுப் பாருங்க.
2. கைப்பிடி உங்க கைக்குப் பொருந்துதான்னு பாருங்க. கண்ணை மூடி கையை நீட்டித் திறந்தா சைட் தானா ஒத்து நிக்கணும்.
3. திருகினா 'க்ளிக்' கணக்குல நகர்ற பின் சைட் இருக்கிறதா எடுங்க. முதல் செலவு இதுக்குத்தான்.
4. ட்ரிகர்ல, ஆலை கொடுத்த திருகைத் தாண்டி எதையும் தொடாதீங்க. அதுக்கு மேல வேணும்னா தெரிஞ்ச ஆர்மரர்கிட்ட கொடுங்க. எடையை விட, ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துல விடுபடுதான்னு பாருங்க.
5. கடலோர ஊர்னா, சுட்டு முடிச்சதும் எண்ணெய்த் துணியால துடைங்க.
6. சுடுற நொடி வரை குண்டும் போடாதீங்க, விரலும் ட்ரிகர் மேல வேண்டாம். குழாய் எப்பவும் இலக்கு பக்கம்தான்.

பாரிஸ்ல ஒரு கையைப் பாக்கெட்ல விட்டுட்டு, சாதாரணக் கண்ணாடியோட வெள்ளி வாங்கின துருக்கிக்காரர் யூசுஃப் டிகெச்சை மீம்ல பாத்திருப்பீங்க. கருவியே வேண்டாம்னு அர்த்தம் இல்லை. அவர் கையில இருந்தது முழுப் போட்டித் துப்பாக்கி. டோக்கியோவில் மனு பாக்கர் துப்பாக்கி நடுப்போட்டியில கோளாறாகி, நேரம் போய், இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெற முடியல. அதே 10 மீட்டரில் 2024 பாரிஸ்ல ரெண்டு வெண்கலம் வாங்கினாங்க. கருவி கெட்டா திறமையும் தடுமாறும். ஆனா கருவியை மாத்தினா திறமை வந்துடாது.

போன கந்த சஷ்டிக்கு மறுபடியும் அதே கடைக்குப் போனேன். முதல் ரெண்டு குண்டு பலூன் சுடல, பின்னாடி பலகையில சுட்டு எங்க விழுதுன்னு பாத்தேன். ரெண்டும் இடது பக்கம், ஒரு சாண் தள்ளி. அதுக்கப்புறம் ஒரு சாண் வலது பக்கம் குறி வச்சேன். எட்டுல ஆறு உடைஞ்சது.

அண்ணாச்சி சிரிச்சுட்டே கேட்டார்: "என்ன தம்பி, கை நடுக்கம் நின்னுட்டோ?"

கை அப்படியேதான் நடுங்குது. கணக்குதான் கொஞ்சம் நின்னிருக்கு.